கால் எட்டாத வண்டி

வரும் சார், வந்துடும். வண்டி எங்கயும் போகல, கீழ பலா மரத்து வளைவுல நிக்குது, அவ்வளவுதான். அந்த ஹாரனா? அது சும்மா அடிக்கறாங்க. இந்த மலையில ஹாரனுக்கெல்லாம் அர்த்தம் கெடையாது, கோழி குறுக்க போனாலும் அடிப்பாங்க, போகலன்னாலும் அடிப்பாங்க. நீங்க உக்காருங்க. ஐயோ அந்த பெஞ்சு வேணாம் சார், அதுக்கு மூணு காலுதான். இதுல உக்காருங்க. காபி குடிங்க. சோளத்த வறுத்துப் பொடிச்சுப் போட்டது. முகத்தப் பாத்தாலே தெரியுது, பிடிக்கல. பரவால்ல, ரெண்டாவது டம்ளர்ல பழகிடும்.

நீங்க அறுபத்தெட்டு கிலோ. சரியா? எப்படித் தெரியும்னா, தொழிலு சார். இருபத்திரெண்டு வருஷமா இந்த மலையில ஆள் ஏத்தறேன். உங்க மணிலா பக்கம் வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆள ஏத்துவாங்க, அதுக்கே ஹெல்மெட்டு குடுத்து, நன்றி சொல்லி, ஏகப்பட்ட மரியாத. இங்க சீட்டு மேல குறுக்கால ஒரு பலகைய வெச்சா இந்தப் பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு, நடுவுல ஒரு ஆளு, டேங்க் மேல ஒரு பன்னிக்குட்டி. ஸ்கைலாப்னு சொல்லுவோம். அந்தக் காலத்துல வானத்துலேந்து ஒரு விண்வெளிக் கூடம் உடைஞ்சு விழுந்துச்சே, அதோட பேரு. விழுந்ததோட பேர எடுத்து, ஏறிப் போற வண்டிக்கு வெச்ச ஊரு சார் இது. எங்க புத்தியப் பாத்துக்கோங்க.

ஓட்டறது பெரிய விஷயமில்ல. எடைதான் விஷயம். இந்தப் பக்கம் கூடினா பள்ளத்தாக்கு, அந்தப் பக்கம் கூடினா பாறை. அதனால ஊருல இருக்கற அத்தனை பேரோட எடையும் எனக்கு மனப்பாடம். கடை வெச்சிருக்கற பசிங் அக்கா எம்பத்திமூணு. அவங்க போகணும்னா எதிர்ப்பக்கம் ரோவேனா டீச்சரும் அவங்க தங்கச்சியும் சேந்து ஏறணும். டீச்சருக்கு டவுன்ல வேலை இருக்கோ இல்லையோ, பசிங் அக்காவுக்குச் சரக்கு வாங்கணும்னா அவங்களும் போய்த்தான் ஆகணும். போன வருஷம் நேனெங்னு ஒரு பொண்ணு, மூணு வாரமா அவ பக்கம் பலகை லேசா சாயுது. நான் வாயத் தொறக்கல. அவ அம்மாவுக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது.

சரி சரி, கேளுங்க. உங்க கம்பெனி குடுத்த தாள்ல என்ன கேள்வின்னு கேளுங்க. பதில் சொல்லத்தானே உக்காந்திருக்கேன். எப்படியும் வண்டி வர்ற வரைக்கும் படம் புடிக்க முடியாதே.

கடைசியா எப்ப சாகசப் பயணம் போனீங்கன்னா? இது போன தடவையே தபால்ல வந்த கேள்விதான் சார். ஊரே உக்காந்து யோசிச்சோம். சாகசம்னா என்னன்னு டீச்சரக் கேட்டோம். ஆபத்துன்னு தெரிஞ்சே, அவசியமில்லாம போறதுன்னு சொன்னாங்க. அப்படிப் பாத்தா எங்க ஊர்த் தலைவர், கேப்டன் ருஃபினோ வீட்டு விருந்துக்குப் போனதுதான் கடைசி. எழுதிக்கோங்க. இல்ல சார், நெசமாத்தான் சொல்றேன். தெனமும் மூணு ஆறு தாண்டறோம்னா அது அவசியம். பாலம் கட்டினா நாங்க ஏன் ஆத்துல எறங்கறோம்?

அந்த தாள்ல ஒரு படம் இருக்கு பாருங்க. ஒருத்தரு மலை உச்சியில இதே வண்டிய நிறுத்திட்டு தூரத்துல பாத்துட்டு நிக்கறாரு. அத சுவத்துல ஒட்டி வெச்சோம். ஊருக்கே அந்த ஆளப் பாத்துப் பாவமா போச்சு. இவ்வளவு பெரிய மலையில ஒரு சவாரி கூட கெடைக்கலையே, எவ்வளவு நேரமா நிக்கறாரோன்னு. பசிங் அக்கா ஒரு நாள் கேக்கறாங்க, டிக்கோய், அந்தாளு சாப்பிட்டாரான்னு.

டிக்கோய்ங்கறது நான்தான். தாள்ல எயுதிகியோன்னு முழுப் பேரு இருக்கும். அந்தப் பேர என் கல்யாணத்துல பாதர் ஒரு தடவ கூப்பிட்டாரு, நீங்க ரெண்டாவது.

இந்த வண்டி எப்படி எங்கிட்ட வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். என் பழைய வண்டி பத்தொம்பது வருஷம் ஓடி, நடுத்தண்டு முறிஞ்சு ஆத்துலயே படுத்துடுச்சு. நாப்பத்தியொரு வீடு சார், ஒரே வண்டி. உங்க கம்பெனி அப்பதான் டவுன்ல இருக்கற ஓட்டுனர் சங்கத்துக்கு எழுதுச்சு. சின்னதா, எளிமையா ஒரு சாகச வண்டி செஞ்சிருக்கோம், தெனமும் ஓட்டற சாதாரண ஆளுக்கு ஒத்து வருமான்னு தொண்ணூறு நாள் ஓட்டிப் பாத்து சொல்லுங்க, சொன்ன ஆளு ஓட்டறதப் படம் புடிச்சதும் வண்டி அவருக்கே. ஓட்டலன்னா அடுத்த ஆளுக்கு. அடுத்த ஆளு யாருன்னா எதிர் மலை கிரிசாந்தோ. அவன்கிட்ட ஏற்கெனவே ரெண்டு வண்டி இருக்கு. மூணாவது எதுக்கு? ஒன்னு மேல இன்னொன்ன வெச்சு ஓட்டுவானா?

ஆமா, விண்ணப்பத்துல உயரம் அஞ்சரை அடின்னு எழுதினேன். பொய்யின்னு சொல்ல முடியாது சார். தொப்பி, செருப்பு, ஆர்வம் எல்லாம் சேத்து அளந்தேன். எந்த ஆம்பள சார் தாள்ல தன் உயரத்த உள்ளபடி எழுதியிருக்கான்? நீங்க எழுதியிருக்கீங்களா? பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

நாலடி பதினோரு அங்குலம்.

இந்த வண்டியோட சீட்டு என் இடுப்புக்கு மேல சார். நெடுஞ்சாலையில உங்க லாரிக்காரரு அத எறக்கினப்ப, நான் லாரிப் படியில நின்னுட்டே ஏறிட்டேன். அதனால ஒன்னும் தெரியல. பதினாலு கிலோமீட்டர், என்ன சொல்றது, குழந்தைய இடுப்புல தூக்கிட்டுப் போற மாதிரி ஏறுது. பள்ளத்துல விழுந்தா வலிக்க மாட்டேங்குது. என் வாழ்க்கையில முதல் தடவையா முதுகு வலிக்காம வீடு வந்து சேந்தேன். சேந்தேன்னு சொல்றேனே, அங்கதான் சிக்கல். சேரத் தெரிஞ்சுது, நிக்கத் தெரியல.

எல்லாரும் பாஸ்கெட்பால் மைதானத்துல நிக்கறாங்க. பேண்டு வாசிக்கறாங்க. எங்க ஊர்ல புது வண்டின்னா பாதர் தீர்த்தம் தெளிப்பாரு, என் மாமனாரு வெள்ளைக் கோழிய அறுத்து சக்கரத்துல ரத்தம் தொடுவாரு. பாதர் தீர்த்தம் தெளிக்கும்போது மாமனாரு வேற பக்கம் பாப்பாரு. மாமனாரு கோழி அறுக்கும்போது பாதர் வேற பக்கம் பாப்பாரு. அவரு பாக்கலன்னு இவருக்குத் தெரியும், இவரு பாக்கலன்னு அவருக்குத் தெரியும். அப்படித்தான் எங்க ஊரு நடக்குது. நான் உள்ள வர்றேன், பிரேக் போடலாம்னு காலத் தொங்க விடறேன். காலுக்குக் கீழ காத்துதான் இருக்கு. தரையே இல்ல!

என்ன பண்றது? ஒரு சுத்து போனேன். கை தட்டினாங்க. ரெண்டாவது சுத்து போனேன். விசிலடிச்சாங்க. வித்தை காட்டறேன்னு நெனச்சுட்டாங்க சார். பதினோரு சுத்து! ஒவ்வொரு சுத்துக்கும் பாதர் தீர்த்தம் தெளிக்கறாரு, முகமெல்லாம் ஈரம். மாமனாரு அறுத்த கோழியத் தூக்கிட்டு சக்கரத்துக்குப் பின்னாடியே ஓடி வர்றாரு. பேண்டுக்காரங்களுக்குத் தெரிஞ்ச மூணு பாட்டும் தீந்து முதல் பாட்டுக்கே திரும்ப வந்துட்டாங்க. நான் காப்பாத்துங்கன்னு கத்தறேன். பேண்டு சத்தத்துல என்ன கேக்கும்? திரும்பக் கை தட்டறாங்க.

அவ ஒருத்திதான் என் முகத்தப் பாத்தா. என் வீட்டுக்காரி, டெலிசா. ஃப்ளோர்டெலிசா. அஞ்சடி ஏழு அங்குலம். மைதானத்துக்குள்ள இறங்கி, கூட ஓடி, பின்னாடி கம்பியப் புடிச்சு ஒரு இழு இழுத்தா பாருங்க, வண்டியும் நின்னுச்சு, நானும் நின்னேன். நான் அவ தோள் மேல நின்னேன், அது வேற விஷயம்.

காபி ஆறுது, குடிங்க. இந்தாங்க வேக வெச்ச வாழைக்காய். அந்த உப்பு மீனு தொட்டுக்கங்க, நாத்தத்தப் பாக்காதீங்க.

ஆமா, அந்த மேடையெல்லாம் எதுக்குன்னு கேட்டீங்களே, வர்ற வழியில பாத்திருப்பீங்க. அதுதான். கால் எட்டலன்னா என்ன, தரைய ஒசத்திடலாம்னு கேப்டன் ருஃபினோ பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாரு. ஸ்கூல் வாசல்ல ஒன்னு, சர்ச்சு வாசல்ல ஒன்னு, பசிங் அக்கா கடையில ஒன்னுன்னு மொத்தம் பதினாலு சிமெண்டு மேடை. நான் வந்து இடது காலத் தூக்கி மேடை மேல வெச்சா வண்டி நிக்கும். ஒவ்வொன்னுலயும் கேப்டன் ருஃபினோ உபயம்னு மேடைய விடப் பெருசா எழுதியிருக்கும். சர்ச்சு மேடைய மட்டும் வலது பக்கமா கட்டிட்டாங்க. அதனால சர்ச்சுக்கு நான் தலைகீழா, அதாவது மேலேந்து கீழ வரும்போதுதான் நிறுத்த முடியும். மூணு ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சப்புறம்தான் ஆளுங்கள எறக்கி விட முடிஞ்சுது.

எழுதறீங்களா? இதெல்லாம் எதுக்கு சார் எழுதறீங்க? வண்டி ஊருக்கு ஒத்து வந்துச்சான்னுதான் கேள்வி. ஊரு வண்டிக்கு ஒத்து வந்துடுச்சுன்னு எழுதுங்க.

இல்ல சார், வண்டியக் குறை சொல்லல. நல்ல வண்டி. உள்ள ஒன்னும் கெடையாது, அதான் அழகு. ஒரு சிலிண்டரு, காத்துல ஆறுது, நாலு ஸ்பேனர் இருந்தா பிரிச்சு மாட்டிடலாம். எடை கம்மி, சேத்துல விழுந்தா ரெண்டு பேரு தூக்கிடலாம். அடிப்பக்கம் ஒசரமா இருக்கறதால பாறை தட்டறதில்ல. ஆத்துல மூச்சுக் குழாய்க்குள்ள தண்ணி போகல. முன்னாடி மூக்கு மாதிரி ஒன்னு நீட்டிட்டிருக்கே, அது மட்டும் எதுக்குன்னு தெரியல. கோழிங்க பயப்படுது. பசங்க கொக்குன்னு பேரு வெச்சுட்டாங்க. சைலன்சர் மேல இருக்கறதால வலது பக்கம் உக்கார்றவங்க முட்டி சுடும். அங்க ரோவேனா டீச்சர் வாழை மட்டையக் கட்டிட்டு உக்காருவாங்க.

மாத்தம் பண்ணக் கூடாதுன்னு நீங்க போட்டிருந்தீங்களா, ஒரு ஆணி கூட அடிக்கல. பலகைய சும்மாதான் மேல வெச்சோம். ரெண்டு பக்கமும் ஆளு உக்காந்திருக்கற வரைக்கும் பலகை பலகையா இருக்கும். ஒருத்தர் எறங்கினா எதிர்ல இருக்கறவரும் அதே நேரத்துல எறங்கணும். சண்டை போட்டுப் பேசாம இருந்த ரெண்டு அண்ணந்தம்பி எடை ஒத்துப் போனதால தெனமும் ஒன்னு ரெண்டு மூணுன்னு சேந்து சொல்லி எறங்க வேண்டியதா போச்சு. இப்ப பேசிக்கறாங்க. அதுக்கும் உங்க கம்பெனிக்குத்தான் நன்றி சொல்லணும்.

திரும்ப ஹாரன். ம். கேக்குது, கேக்குது. அடிக்கட்டும்.

மேடை இருக்கற எடத்துல மேடை இருக்கு. இல்லாத எடத்துல என்ன பண்றது? ரெண்டாவது வாரம் ரெண்டாவது ஆத்துக்கு மேல நடு ரோட்டுல ஒரு எருமை. பலகையில நாலு பேரு, டேங்க் மேல அரிசி மூட்டை. நிறுத்தியே ஆகணும், மேடையும் இல்ல. சரின்னு எருமை மேலயே கால வெச்சேன். அருமையான ஒசரம் சார், அளந்து செஞ்ச மாதிரி. வண்டி நின்னுச்சு. எருமை நிக்கல. அது பாட்டுக்கு மெதுவா நடக்க ஆரம்பிச்சுது. ஒரு கால் எருமை மேல, ஒரு கால் வண்டி மேல, எருமையோட சேத்து நாங்க ஆறு பேரும், பன்னி இல்ல அன்னைக்கு, அப்படியே பக்கவாட்டுல போறோம். எருமை ஆத்துல எறங்கற வரைக்கும் போனோம். அதுக்கப்புறம் எல்லாரும் ஆத்துல இருந்தோம். பசிங் அக்கா எழுந்திரிச்சு சொன்ன வார்த்தைய உங்க தாள்ல எழுத முடியாது.

அதுக்கப்புறம்தான் டெலிசா பின்னாடி உக்கார ஆரம்பிச்சா. கை என்னோடது, கால் அவளோடது. நான் காலுன்னு கத்தணும், அவ ரெண்டு பக்கமும் ஊனுவா, அப்புறம் நான் பிரேக் புடிப்பேன். குடும்பம் மாதிரிதான் சார், ஒருத்தர் முடிவெடுக்கணும், இன்னொருத்தர் தாங்கணும். ரெண்டு நாள் நல்லாப் போச்சு. மூணாவது நாள் நான் காலுன்னு கத்தறேன், அவ சந்தையில பாத்த மீனப் பத்தி யோசிச்சிட்டிருக்கா. எல்லாரும் பசிங் அக்கா மேல விழுந்தோம். நல்லவேளை பசிங் அக்கா இருந்தாங்க.

வீட்டுக்கு வந்து சண்டை. அவ சொல்றா, யோவ், காலையும் நான் வெக்கணும், நீ கத்தறதையும் நான் காது குடுத்துக் கேக்கணும்னா, அந்தக் கையையும் எங்கிட்டயே குடுத்துடு, நீ கத்தறத மட்டும் வெச்சுக்கோங்கறா.

எனக்கு பதில் வர்றதுக்கு ஒரு ராத்திரி ஆச்சு. வந்த பதிலும் சரிதான்ங்கறதுதான்.

ஆமா சார்.

இல்ல, தப்பா எழுதல நீங்க. அப்படித்தான். நாலாவது வாரத்துலேந்து அவதான் ஓட்டறா.

கொஞ்சம் பொறுங்க, பேனாவக் கீழ வைங்க, முழுசாக் கேளுங்க. ஊருக்குள்ள நான்தான் ஓட்டினேன். அதாவது, ஊருக்குள்ள நுழையற எடத்துலேந்து. இருபத்திரெண்டு வருஷமா சங்கம் குடுத்த ஏழாம் நம்பர் ஓட்டுனர் சட்டை போட்டவன் சார் நானு. டவுன் சங்கத்துல நாப்பது பேரு, எல்லாம் ஆம்பளைங்க, அதுல இந்த மலைக்கு ஓட்டறவன் நான் ஒருத்தன்தான். பொண்டாட்டி முதுகப் புடிச்சுட்டு பின்னாடி உக்காந்து வர்றத நாப்பத்தியொரு வீடும் பாக்கறதா? அதனால கீழ அந்த பலா மரத்து வளைவுல நிறுத்துவோம். அவ பின்னாடி போவா, நான் பக்கத்துல இருக்கற பாறை மேல ஏறி முன்னாடி உக்காருவேன். போகும்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ.

அதுல என்னன்னா சார், நாங்க எடம் மாறணும்னா பலகையில இருக்கறவங்க எறங்கணும். ஒன்னு ரெண்டு மூணுன்னு ஜோடி ஜோடியா எறங்குவாங்க. எறங்கி, எல்லாரும் பலா மரத்தப் பாப்பாங்க. எங்களப் பாக்க மாட்டாங்க. பசிங் அக்கா காயெல்லாம் எண்ணுவாங்க. காய் இல்லாத மாசத்துலயும் எண்ணுவாங்க. ரோவேனா டீச்சர், அடடா, என்ன இலைன்னு சொல்லுவாங்க. ரெண்டு மாசமா தெனமும் ரெண்டு தடவ அதே இலை. நான் ஏறி உக்காந்து தொண்டையக் கனைச்சதும் எல்லாரும் திரும்பி, அட, டிக்கோய், கிளம்பலாமான்னு அப்பதான் என்னப் பாத்த மாதிரி கேப்பாங்க. ஒருத்தர் கூட, ஒரு நாள் கூட, ஒரு கிண்டல் பண்ணல சார். எங்க ஊர்ல கிண்டல் பண்ணாம ஒரு பொணம் கூட வெளிய போகாது.

அவளா? ஒரே ஒரு தடவ, பாறை வழுக்குது, பாத்து ஏறுன்னா. அவ்வளவுதான்.

சரி, அதோட விட்டிருந்தா நானும் இப்ப முன்னாடி உக்காந்து உங்க கேமராவுக்கு பல்லக் காட்டிட்டிருப்பேன். போன வாரம் புதன்கெழமை பசிங் அக்கா வீட்டுக்காரரு இசித்ரோ தென்னை மரத்துலேந்து விழுந்துட்டாரு. விழுந்தது ஊருக்கு மேல இருக்கற தோப்புல. கால் எலும்பு வெளிய தெரியுது. பலகையில குறுக்கால படுக்க வெச்சுக் கட்டினோம், தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். கால் பக்கம் எடை கம்மின்னு ஒரு மரவள்ளி மூட்டை. டெலிசா ஏறினா. நான் பின்னாடி ஏறினேன். தோப்புலேந்து ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஊருக்கு நடுவுல போய்த்தானே ஆகணும்? எடம் மாறவா அது நேரம்?

அவ ஓட்டினா பாருங்க சார். அந்த வண்டிய அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். சர்ச்சு இறக்கத்துல, ஒரு பக்கம் தலை வேலியில இடிக்காம, ஒரு பக்கம் மரவள்ளி சுவத்துல இடிக்காம, சாய்ச்சு சாய்ச்சு எடுக்கறா. நான் இத்தனை வருஷத்துல அப்படி ஓட்டினதில்ல. நான் அவ இடுப்பக் கட்டிட்டு, கண்ண இறுக்கி மூடிட்டு உக்காந்திருக்கேன். இவ்வளவு நாள் காப்பாத்தின மானம் இன்னியோட போச்சு, ஊரே பாக்குதுன்னு நெனச்சுட்டே கண்ணத் தொறந்தேன்.

ஒருத்தரும் பாக்கல சார்.

ரெண்டு பக்கமும் ஊரே நிக்குது, எல்லாரும் வானத்தப் பாத்துட்டு நிக்கறாங்க. கேப்டன் ருஃபினோ சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டாரு, மூக்கு சுவத்துல இடிக்குது. மழையே இல்ல, ஒருத்தன் குடைய விரிச்சு முகத்த மறைச்சுக்கறான். என் மாமனாரு, பெத்த பொண்ணு ஓட்டிட்டுப் போறா, அவரு கோழிக் கூண்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கறாரு. சரி அவங்களையெல்லாம் விடுங்க. எலும்பு முறிஞ்சு பலகையில கெடக்கற இசித்ரோ, நெனவோட இருக்கற மனுஷன், என்னத் திரும்பிப் பாத்துட்டு டக்குனு கண்ண மூடிட்டாரு. எனக்கு ஒன்னும் தெரியாது டிக்கோய், நான் மயக்கத்துல இருக்கேன்னு சொல்றாரு சார்!

அன்னைக்குத்தான் எனக்கு வெக்கமாச்சு. அவ ஓட்டினதுக்கு இல்ல. ஒரு ஆளு சாகக் கெடக்கறப்ப கூட, அவன் பொழைப்பானான்னு பாக்காம, கழுத்து வலிக்க வானத்தப் பாக்க வெச்சுட்டேனே ஒரு ஊரையே, அதுக்கு. யாராவது ஒருத்தர் வாய் விட்டு சிரிச்சிருந்தா கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். இவங்க என்னத் தூக்கி சுமந்துட்டு இருந்திருக்காங்க சார் இத்தனை நாளா. என் எடை மட்டும் எனக்குத் தெரியாம போச்சு.

இசித்ரோவா? நல்லா இருக்காரு, மாவுக்கட்டுப் போட்டு உக்காந்து ஊர் வம்பு பேசறாரு. இன்னும் கால் மணி நேரம் தாமதமாயிருந்தா காலையே எடுத்திருப்பாங்களாம். டாக்டர் யாரு ஓட்டிட்டு வந்ததுன்னு கேட்டாராம். இசித்ரோ அப்பவும் தெரியாது, நான் மயக்கத்துல இருந்தேன்னு சொல்லியிருக்காரு.

சரி. உங்க வெயில் போகுது, படம் இருட்டா விழும். சொல்லிடறேன்.

வண்டி கெட்டுப் போய் நிக்கல சார் கீழ. டெலிசா அந்த வளைவுல எனக்காக நிக்கறா. இன்னைக்கு ஏற்பாடு என்னன்னா, நீங்க வந்து உக்காந்ததும் நான் ஏதாவது சாக்கு சொல்லிட்டுக் கீழ எறங்கிப் போகணும். பாறை மேல ஏறி முன்னாடி உக்காந்து, அவ பின்னாடி காலோட தயாரா இருக்க, உங்க கேமராவுக்கு முன்னாடி ஜம்முனு வந்து நிக்கணும். நீங்க படம் புடிப்பீங்க, வண்டி எங்களுக்கு. ஊருக்கே தெரியும் இந்த ஏற்பாடு. பலகையில வந்த நாலு பேரும் எறங்கி ஒரு மணி நேரமா பலா மரத்தப் பாத்துட்டு நிக்கறாங்க. அதான் அந்த ஹாரன். எங்கய்யா போய்த் தொலைஞ்சன்னு கூப்பிடறா.

நானும் போகலாம்னுதான் உக்காந்தேன். ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்திரிக்கலாம்னுதான் பாத்தேன். வாய் பேசிட்டே போகுது, கால் எழுந்திரிக்க மாட்டேங்குது.

உங்க விதி எனக்குத் தெரியும். விண்ணப்பத்துல இருக்கற ஆளு ஓட்டலன்னா அடுத்த ஆளுக்கு. கிரிசாந்தோவுக்குப் போகும். போனா நாப்பத்தியொரு வீடும் திரும்ப நடக்கணும். தெரிஞ்சுதான் சொல்றேன். நான் பொய்யா வாங்கின வண்டியில அவ இன்னும் பத்து வருஷம் எனக்காக அந்த வளைவுல நின்னுட்டே இருப்பா சார், அவ சொல்ல மாட்டா. இதப் பாருங்க, இந்த அட்டை. திங்கக்கெழமை டவுனுக்குப் போனேன், நடந்து. சங்கத்துல ஏழாம் நம்பர் சட்டையக் கழட்டி மேசை மேல வெச்சேன். என் எடத்துல என் வீட்டுக்காரி பேர எழுதுங்கன்னேன். நாப்பது பேரும் சிரிச்சாங்க. தலைவர் வெனான்சியோ சிரிச்சு சிரிச்சு நாற்காலியிலேந்து சரிஞ்சுட்டாரு. சரிஞ்சவரத் தூக்கி உக்கார வெச்சு, அவரு கையப் புடிச்சே எழுத வெச்சேன். பாருங்க, ஃப்ளோர்டெலிசா. சீல் கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு, இன்னும் சிரிச்சுட்டிருந்தாரு.

அவளுக்கு இன்னும் தெரியாது. நாலு நாளா சட்டைப் பையிலயே வெச்சிட்டிருக்கேன்.

இருங்க சார், ஒரு நிமிஷம். அந்த விளிம்புல நின்னாத்தான் கேக்கும். டெலிசா! ஏ டெலிசா! நான் வரல! நீயே ஓட்டிட்டு வா! ஆமா! முன்னாடி உக்காந்தே! எல்லாரையும் ஏத்திட்டு வா! பசிங் அக்கா, மரத்தப் பாத்தது போதும், ஏறுங்க! என்ன? ஆமா, இருக்காரு! பாக்கட்டும்னுதான் சொல்றேன்!

கேக்குதா? ஸ்டார்ட் பண்ணிட்டா.

என்ன சார், அட்டையத் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க? எழுத முடியுமா முடியாதா? சங்கத்துப் பேரு இருக்கு, நம்பர் இருக்கு, தொண்ணூறு நாளும் ஓட்டின ஆளு வர்றா. சரி, அறுபத்தேழு நாளு. விண்ணப்பத்துல உயரம் அஞ்சரைன்னு இருக்கு, அதுக்கு அவதான் கிட்டத்துல இருக்கா.

எழுதறீங்களா? எஃப், எல், ஓ... ஆமா, சேத்து எழுதணும், ஒரே பேரு. நல்லா அழுத்தி எழுதுங்க சார். நான் நல்லாத்தான் இருக்கேன், அந்த உப்பு மீனுதான் கண்ணக் கரிக்குது.

என் பேரும் வேணுமா? எதுக்கு? கணவர்னு ஒரு கட்டம் இருக்கா? சரி, போடுங்க, டிக்கோய்னே போடுங்க. தொழிலா? அட, அதையும் கேக்குதா உங்க தாளு? இருபத்திரெண்டு வருஷத்துல யாரும் என்னக் கேட்டதில்ல இந்தக் கேள்விய, சட்டையிலயே எழுதியிருந்துச்சு.

பயணின்னு எழுதுங்க சார்.